ஆடுகிற பல்லுக்குக் காளான் பொடியா?



சில மாதங்களுக்கு முன் ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்திற்குப் போயிருந்தேன். லயத்து வாசலில் ஒரு அக்காள் என்னை நிறுத்தி ஒரு டப்பாவைக் காட்டினார். "தம்பி, ஆறு மாசமா பல்லு விளக்குனா ரத்தம் வருது. கீழ்ப்பல்லு ரெண்டு ஆடுது. இந்தக் காளான் பொடி தின்னா ஈறு இறுகிடும்னு ஒருத்தர் குடுத்துட்டுப் போனாரு. நூத்தி அறுபது வெள்ளி, ரெண்டு தவணையில கட்டணும்" என்றார். அக்காளுக்கு இனிப்பு நீரும் உண்டு.

காளானைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் நாட்டுக் காட்டில் விளையும் புலிப்பால் காளானை ஓராங் அஸ்லி மக்கள் இருமலுக்கும் இழுப்புக்கும் வெகு காலமாகச் சாப்பிட்டு வருகிறார்கள். சீனர்களின் லிங்ஸி காளானும் பேர் போனதுதான். இவற்றிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற பொருள் வீக்கத்தைத் தணிக்குமா என்று ஆய்வுக்கூடங்களில் சோதித்து வருகிறார்கள். 2011ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஷீட்டாக்கே காளான் சாற்றால் வாய் கொப்பளித்தவர்களுக்கு ஈறு வீக்கம் குறைந்தது. ஆனால் அது சிலரை வைத்துச் சில நாட்களே நடந்த சோதனை. அதுவும் கொப்பளித்த சாறு; விழுங்கிய பொடி அல்ல.

பல்லில் படியும் அழுக்கைத் துலக்காமல் விட்டால் கல்லாக இறுகிவிடும். அந்தக் காரை ஈறுக்கு அடியில் இறங்கிக் கிருமிக்கு வீடாகும். ஈறு வீங்கும், ரத்தம் வரும், கடைசியில் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். வேர் கெட்ட பால்மரத்துக்கு இலையில் மருந்தடித்துப் பயனுண்டா? காரையைச் சுரண்டி எடுக்கத்தான் வேண்டும். அதைப் பல் டாக்டர்தான் செய்ய முடியும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் முற்றும். ஈறு கெட்டால் இனிப்பு நீரும் கட்டுக்கு அடங்காது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் லிங்ஸியைத் தொடவே கூடாது.

"கிளினிக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போயிடுமே தம்பி?" என்றார் அக்காள். நோயை வளர்ப்பது இந்தப் பயம்தான்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். பல் டாக்டர் பார்த்துக் கொடுக்கும் எம்.சி.யும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்புக்குச் செல்லும். வேலைக்குச் சேர்ந்து 2 ஆண்டு ஆகாதவருக்கு வருடத்துக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரியப்படுத்த மறக்காதீர்கள். எம்.சி. தருவது டாக்டரின் முடிவு. வந்து போன நேரச் சீட்டு மட்டும் போதாது.

அக்காள் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரசாங்கப் பல் கிளினிக்குப் போனார். ஒரு பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று, மற்றொன்று தங்கியது. ரத்தம் வந்த முதல் வாரமே போயிருந்தால் இரண்டும் தங்கியிருக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்கு ஈறில் ரத்தம் வருகிறது? இன்று இரவே கேட்டுப் பாருங்கள்.