உப்புக்காற்றும் மீன்தொட்டி ஸ்டாண்டும்

கடல் மீனைப் பிடித்து விற்கும் ஊரில், விற்கவும் தின்னவும் உதவாத நாலு மீனை வளர்க்கும் ஆசையும் எப்போதும் கூடவே இருந்திருக்கிறது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் பல வீடுகளின் முன்னறையில் சாமி படமோ மாதா படமோ இருக்கும், டிவி இருக்கும், பக்கத்தில் ஒரு மீன்தொட்டியும் இருக்கும். மீன்கள் மாறிக்கொண்டே வந்தன. கப்பியும் மோலியும் கோல்டு ஃபிஷ்ஷும் இருந்த தொட்டிகளில் பிறகு ஆஸ்கார் வந்தது, ஃப்ளவர்ஹார்ன் வந்தது. வாங்கும் இடமும் மாறியது. 1985-இல் தீக்கிரையாவதற்கு முன் மூர் மார்க்கெட், பிறகு கொளத்தூர். கொளத்தூரின் வண்ணமீன் வியாபாரம் வளர்ந்த வளர்ச்சியில், வில்லிவாக்கத்தில் அதற்கென்றே ஒரு வர்த்தக மையத்தைக் கட்ட சி.எம்.டி.ஏ. இறங்கியது. மீனைப் பற்றியும் கடையைப் பற்றியும் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். தொட்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. வடசென்னையின் காற்று, வீடு, கைத்தொழில் மூன்றும் மாறியதை அது தன் நாலு காலில் சுமந்திருக்கிறது.

அன்று ஸ்டாண்டு என்றால் எல் ஆங்கிள்தான். தெருமுனை வெல்டிங் பட்டறையில் போய், "அண்ணே, நாலடித் தொட்டி, ஸ்டாண்டு ஒண்ணு அடிக்கணும்" என்று சொன்னால் போதும். "எத்தினி அடி ஒசரம்? கீழ தட்டு வேணுமா?" என்ற இரண்டு கேள்வியோடு விசாரணை முடியும். ஒன்றரை இஞ்சு ஆங்கிளை அறுத்து, மூலைமட்டம் வைத்து, நாலு மூலையிலும் டேக் அடித்து, கோணல் பார்த்துவிட்டு முழு வெல்டு போடுவார். கிரைண்டிங், ஒரு கோட்டு ரெட் ஆக்சைடு, மேலே கறுப்பு எனாமல். மறுநாள் சாயந்திரம் ஸ்டாண்டு மீன்பாடி வண்டியில் வீட்டுக்கு வந்துவிடும்.

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்தப் பகுதியின் வரைபடமே பதில். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் கார் பூட்டியது. 1955-இல் அது அசோக் லேலண்டு ஆனது. அதே 1950-களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் கார்போரண்டம் யுனிவர்சலும் வந்தன. தீப்பெட்டி ஆலையான விம்கோவின் பெயர் இன்று ஒரு நகருக்கும் மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் இருக்கிறது. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறிய பட்டறைகள் பிழைத்தன. இரும்பு வாங்க ஜார்ஜ் டவுனின் செம்புதாஸ் தெரு இருந்தது. அங்கே நெரிசல் தாங்காமல் இரும்பு வியாபாரத்துக்காகச் சாத்தாங்காட்டில் தனிச் சந்தையே அமைத்தார்கள். ஆக, இரும்பும் அதை ஒட்டத் தெரிந்தவரும் நடந்து போகும் தூரத்தில். மீன்தொட்டி ஸ்டாண்டு அந்தத் தொழிலுலகத்தின் ஓரத்தில் விழுந்த சில்லறை வேலை.

சுமையைப் பற்றி அந்தப் பட்டறைக்காரர் கணக்குப் போட்டதில்லை. போட வேண்டியும் இருக்கவில்லை. தேவைக்கு மேல் இரும்பைப் போட்டுவிடுவது அவர் வழக்கம். அளவு கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் எஃகு பொறுத்துக்கொள்ளும்.

பொறுக்காதது கடற்காற்று. உப்பு கலந்த ஈரம் இரும்பின் மேல் படிந்தால் துரு வேகமாக ஏறும். காற்றில் கந்தக டையாக்சைடும் இருந்தால் இன்னும் வேகம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இலிருந்து 2017 வரை இயங்கியது. அது மூடிய பிறகும் அக்கம்பக்கத்தில் நிலக்கரி எரிவது நிற்கவில்லை. இது போதாதென்று ஆங்கிளின் வடிவமே துருவுக்கு இடம் கொடுத்தது. தொட்டி நழுவாமலிருக்க ஆங்கிளின் ஒரு விளிம்பை மேல்நோக்கி நிறுத்துவார்கள். தண்ணீர் மாற்றும்போது சிந்துவது அந்த மூலையில் ஓடை மாதிரி தேங்கும். வெளியே எனாமல் பளபளப்பாக இருக்கும், உள்ளே கண்ணாடிக்கும் இரும்புக்கும் நடுவில் துரு உப்பிக்கொண்டே போகும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்காகும் என்பதால், அந்த உப்பல் தொட்டியின் அடியை ஒரு பக்கமாகத் தூக்கிவிடும்.

இதே காலத்தில் தொட்டியும் மாறிவிட்டிருந்தது. பழைய தொட்டிகள் இரும்புச் சட்டத்துக்குள் புட்டி வைத்துப் பதித்த கண்ணாடிகள். சட்டம்தான் பலம், ஸ்டாண்டு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். சிலிகான் பசை வந்ததும் சட்டம் போய், ஐந்து கண்ணாடியை ஒட்டினாலே தொட்டி என்றாயிற்று. பார்க்க அழகு, ஆனால் அடிக் கண்ணாடிக்கு இனி சமதளம் கட்டாயம். வெல்டிங் சூட்டில் இழுத்து முறுக்கிய ஸ்டாண்டில் மூன்று கால் ஊன்றி ஒரு கால் ஆடும். அதற்கு அடியில் ஓட்டுத் துண்டு வைப்பது அன்றைய வைத்தியம். சிலிகான் தொட்டியில் அந்த வைத்தியம் ஒருநாள் கீறலாக வெளியே வரும். தெர்மாகோல் சீட் போடும் வழக்கம் வந்ததும் இந்தச் சிறு மேடுபள்ளத்தைச் சமாளிக்கத்தான். ஆனால் பெரிய முறுக்கலைத் தெர்மாகோலால் சரிசெய்ய முடியாது.

இந்த இடத்தில்தான் அலுமினியம் வருகிறது. சென்னைக்கு அது புதிய உலோகம் அல்ல. 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். 1903-இல் அந்தத் தொழிலை இந்தியன் அலுமினியம் கம்பெனி வாங்கிக்கொண்டது. நாட்டில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு அடி போட்ட ஊர் இது. அப்புறம் அது சன்னலாக, கடைத் தடுப்பாக, படிப்படியாக வீட்டுக்குள் வந்தது. ஆனாலும் முந்நூறு கிலோ தண்ணீரைச் சுமக்கும் நம்பிக்கையை மட்டும் யாரும் அதற்குக் கொடுக்கவில்லை. நியாயமும் அதுதான். சன்னலுக்கும் பார்டிஷனுக்கும் வரும் செக்ஷன் மெல்லிய சுவர் கொண்டது, ரிவிட் அடித்து நிறுத்துவது. அதன்மேல் தொட்டி வைப்பது இன்றைக்கும் தவறுதான்.

நம்பிக்கை கொடுத்தது வேறொரு அலுமினியம். தொழிற்சாலைகளில் இயந்திரத்தைச் சுற்றித் தடுப்பு கட்டவும், கன்வேயர் தாங்கவும், வேலை மேசை அமைக்கவும் பயன்படுகிற புரொஃபைல். நாலு பக்கமும் நீளவாக்கில் காடி ஓடும். காடிக்குள் டி-நட்டை நுழைத்து, ஆலன் கீயால் போல்ட்டை இறுக்கினால் மூலை நிற்கும். வெல்டிங் கிடையாது, பெயிண்டு கிடையாது. கடைக்காரரே மில்லிமீட்டர் சுத்தமாக அறுத்துத் தருவார். மேலே அனோடைஸ் பூச்சு இருப்பதால் உப்புக்காற்று அவ்வளவு சுலபமாகக் கடிக்காது. கடித்தாலும் அங்கங்கே வெள்ளைப் புள்ளி விழுமே தவிர, துரு போல உப்பித் தொட்டியைத் தூக்காது. கால்களில் திருகும் பாதம் உண்டு, தரை எப்படி இருந்தாலும் ரசமட்டம் வைத்துச் சமப்படுத்திக்கொள்ளலாம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு லாபம். நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டரையடி உயர ஸ்டாண்டுக்குச் சுமார் 10 மீட்டர் சட்டம் வேண்டும். 40 மி.மீ. ஆங்கிள், 5 மி.மீ. தடிமனில் மீட்டருக்கு 3 கிலோ; மொத்தம் 30 கிலோ. நாற்பதுக்கு நாற்பது புரொஃபைல் மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ அளவில் கிடைக்கிறது, மொத்தம் 15. எடையைவிட வடிவம்தான் முக்கியம். வெல்டு அடித்த ஸ்டாண்டு ராயபுரத்துப் பழைய வீட்டு மாடிப்படி திருப்பத்தில் திரும்பாது. அலுமினியத்தைக் கழற்றிக் கட்டாகக் கட்டி பைக்கில் கொண்டு போகலாம். வீடு மாறும்போது ஸ்டாண்டைப் பழைய வீட்டிலேயே விட்டுப்போன காலம் முடிந்தது. புது வீட்டில் இடம் சிறிதானால் நீளத்தை அறுத்துக் குறைக்கலாம்.

ஆனால் அலுமினியம் இரும்பைப் போல மன்னிக்காது. ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே சுமை என்றால் எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய மூன்று மடங்கு வளையும். ஆகவே அன்று பட்டறைக்காரர் போடாத கணக்கை இன்று நாம் போட வேண்டியிருக்கிறது. நாலடிக்கு ஒன்றரையடிக்கு ஒன்றரையடித் தொட்டி 9 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர், ஆகத் தண்ணீர் மட்டும் 255 லிட்டர். 10 மி.மீ. கண்ணாடி 50 கிலோவைத் தாண்டும். கல், மணல், மரக்கட்டை சேர்த்தால் 340 கிலோ வரும். இதை நாலு காலுக்குப் பிரித்தால் காலுக்கு 85 கிலோ; எந்தப் புரொஃபைலும் நசுங்காமல் தாங்கும். சிக்கல் காலில் இல்லை, மேலே நீளவாக்கில் ஓடும் இரண்டு சட்டங்களில். நாலடி இடைவெளியை நாற்பதுக்கு நாற்பது சட்டம் தனியாகத் தாண்டினால் நடுவில் தொய்யும்; தொய்ந்த பலகை மேல் அடிக் கண்ணாடி உட்காராது. வழி இரண்டு. நாற்பதுக்கு எண்பது புரொஃபைலை வாங்கி, எண்பது மேல்கீழாக நிற்கும்படி வைப்பது. படுக்க வைத்தால் பாதிக்கு மேல் பலன் போய்விடும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு ஜோடிக் கால் கொடுப்பது. இடைவெளி பாதியானால், பரவலான சுமைக்குத் தொய்வு 16-இல் 1 பங்காகக் குறையும். விலை குறைவான வழியும் இதுதான்.

மூட்டும் கவனிக்க வேண்டியது. பலரும் கால்களை முழு உயரத்துக்கு நிறுத்திவிட்டு, குறுக்குச் சட்டத்தைப் பிராக்கெட்டால் பக்கவாட்டில் மாட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் 340 கிலோவும் டி-நட்டின் பிடிமானத்தில் தொங்கும். போல்ட்டு தளர்ந்தால் சட்டம் காடியில் வழுக்கி இறங்கும். சட்டம் காலின் தலைமேல் உட்கார வேண்டும், பிராக்கெட்டு விலகாமல் பிடித்தால் போதும். பக்கவாட்டு ஆட்டத்துக்குப் பின்புறம் ஒரு பிளைவுட் பலகையை இறுக்குவது நல்லது. முலாம் பூசிய சாதா இரும்பு போல்ட்டைப் போட்டால், காப்பாற்ற நினைத்த துரு போல்ட்டு வழியே திரும்பி வரும். ஸ்டெயின்லெஸ் 304 வீட்டுக்குப் போதும்; கடல்நீர்த் தொட்டிக்கு 316. இந்த இரண்டு எண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று காசிமேட்டில் படகு வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எல்லாருக்கும் அலுமினியம்தான் என்று சொல்ல மாட்டேன். கிலோ விலையில் அது இரும்பைவிடப் பல மடங்கு. பிராக்கெட்டும் நட்டும் தனிச் செலவு. இரண்டடித் தொட்டிக்கு நன்றாக பெயிண்டு அடித்த ஆங்கிள் ஸ்டாண்டு இன்றைக்கும் சரிதான், விளிம்பு கீழ்நோக்கி இருக்கும்படி அடிக்கச் சொன்னால் தண்ணீரும் தேங்காது. அதைச் சொன்னால் செய்து கொடுக்கப் பட்டறைக்காரர் தயார்தான். அன்று அதைக் கேட்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. மூன்றடிக்கு மேல் போனால், அதுவும் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாடகை வீட்டில் இருப்பவர் என்றால், அலுமினியத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

ஒரு மாற்றத்தை மட்டும் விலையில் எழுத முடியாது. அன்று ஸ்டாண்டு ஆடினால் பட்டறை வாசலில் போய் நின்று, "இன்னாண்ணே, இப்பிடிப் பண்ணிட்டே" என்று கேட்கலாம். அவரும் ஆளை அனுப்பித் தட்டிக் கொடுப்பார். அந்தப் பொறுப்பு இப்போது அளவு எழுதிக் கொடுத்தவருடையது, அதாவது வீட்டுக்காரருடையது. தண்ணீரைப் பாதி நிரப்பி ஒரு நாள் விட்டு ரசமட்டம் பார்க்க வேண்டும், முழுதும் நிரப்பி ஒரு வாரம் கழித்து எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும், அதன்பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை. இந்த வேலைக்குச் சோம்பல் படுகிறவர் இரும்பு ஸ்டாண்டே அடித்துக்கொள்ளலாம்.