தரையில் நிற்கும் பயிற்சி விமானம் ஏன் ஆபத்தானது? புரொப்பெல்லர் முதல் டாக்ஸி வரை

வேலையை விட்டுவிட்டு பைலட் ஆகலாமா என்று யோசிக்கும் நண்பர் ஒருவராவது உங்கள் வட்டத்திலும் இருப்பார். அவர் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "மேல போய் இன்ஜின் நின்னுட்டா?" என்பதாகத்தான் இருக்கும். கீழே இன்ஜின் ஓடும்போது என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தியாவில் வர்த்தக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பறப்பதற்காக விமானம் முதலில் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, கடைசியாக வந்து நிற்கும் நொடி வரை எல்லாமே கணக்கில் சேரும். ஒரு மணி நேரப் பயிற்சியில் 10 நிமிடம் தரையில் போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 200-ல் சுமார் 33 மணி நேரம் தரையில்தான்.

கண்ணுக்குத் தெரியாத பிளேடு

உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் புரொப்பெல்லரின் விட்டம் சுமார் 1.9 மீட்டர், அதாவது நம்மில் பலரின் உயரத்தைவிட அதிகம். டேக்-ஆஃபின்போது நிமிடத்துக்கு 2,700 சுற்று வரை போகலாம். அப்போது பிளேடு நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 980 கி.மீ.

சரி, அது முழு வேகம். சும்மா நின்றுகொண்டு 700 சுற்றில் 'ஐடில்' ஆகும்போது? அப்போதும் நுனி மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் போகிறது. இரண்டு பிளேடு என்பதால், நீங்கள் நிற்கும் இடத்தை ஒரு நொடிக்கு 23 முறை கடக்கும். சினிமா ஓடுவதே நொடிக்கு 24 ஃபிரேமில்தான். கண்ணுக்கு அங்கே ஒரு மங்கலான வட்டம் தெரிந்தால் பெரிய விஷயம், வெயிலில் அதுவும் தெரியாது.

2023 ஏப்ரல் 23-ம் தேதி கேதார்நாத் ஹெலிபேடில், அரசு அதிகாரி ஒருவர் ஹெலிகாப்டரின் வால் ரோட்டரில் அடிபட்டு இறந்தார். ஹெலிகாப்டரில் வால் பக்கம் போகக்கூடாது. செஸ்னா மாதிரி விமானத்தில் நேர் எதிர்: இறங்கியதும் வால் பக்கமாகத்தான் நடக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரே வழி, இன்ஜின் முழுக்க நின்ற பிறகு இறங்குவது. ஆனால் நேரம் மிச்சம், காசு மிச்சம் என்று இன்ஜினை அணைக்காமலே ஒரு மாணவர் இறங்க, அடுத்தவர் ஏறும் பழக்கம் உலகின் பல இடங்களில் உண்டு. கட்டணம் மணிக்கணக்கில் ஓடும்போது, அவசரப்படுவதற்கு எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கும்.

சாவியை எடுத்தாலும் நம்ப முடியாது

பேட்டரி செத்துப்போன பழைய பைக்கையும் உதைத்து ஸ்டார்ட் செய்துவிடலாம் இல்லையா? கிட்டத்தட்ட அதே கதைதான். பெரும்பாலான சிறிய விமான இன்ஜின்களில் தீப்பொறியை உருவாக்குவது மேக்னெட்டோ. அதற்குப் பேட்டரி தேவையில்லை, சுற்றினால் போதும்.

சாவியை 'ஆஃப்' செய்யும்போது உண்மையில் நடப்பது, ஒரு ஒயர் வழியாக மேக்னெட்டோவின் மின்சாரம் விமானத்தின் உடலோடு இணைக்கப்படுவது. அதனால் தீப்பொறி வராது. அந்த ஒயர் எங்காவது அறுந்திருந்தால்? சாவி ஆஃபில் இருக்கும், மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருந்து, யாராவது புரொப்பெல்லரைக் கையால் லேசாகத் திருப்பினால் இன்ஜின் உதைக்கலாம். நின்றிருக்கும் புரொப்பெல்லரையும் ஓடுவதாகவே நினைத்து நடத்தச் சொல்வது இதனால்தான். பல பள்ளிகளில் சாவியை வெளியே நிற்பவருக்கும் தெரியும்படி கண்ணாடி அருகே வைக்கச் சொல்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் "கிளியர் புராப்" என்று கத்துவது விதி. கத்திய அடுத்த நொடியே சாவியைத் திருப்பினால் அந்தக் கத்தலுக்கு அர்த்தமே இல்லை. வெளியே இருப்பவருக்கு விலக நேரம் வேண்டாமா?

கார் ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் கஷ்டம்

தரையில் நகர்வதை டாக்ஸி என்கிறார்கள். புதிதாக வரும் மாணவர் திரும்ப வேண்டிய இடத்தில் கையில் உள்ள யோக்கைக் காரின் ஸ்டீயரிங் போலத் திருப்புவார். விமானம் நேராகவே போகும். ஏனென்றால் தரையில் திருப்புவது கால் பெடல்கள், பிரேக்கும் அதே பெடல்களின் மேல்பகுதியில். கேபினின் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர், இறக்கையின் நீளமோ நுனிக்கு நுனி 11 மீட்டர். பக்கத்தில் நிற்கும் விமானத்தை உரசுவதற்குப் பெரிய வேகம் எல்லாம் வேண்டாம்.

இன்னொரு சிக்கல், இரண்டு பேரிடமும் கன்ட்ரோல் இருப்பது. இவர் பிடித்திருக்கிறார் என்று அவரும், அவர் பிடித்திருக்கிறார் என்று இவரும் நினைத்தால் விமானம் யார் கையிலும் இல்லை. அதனால்தான் "யூ ஹேவ் கன்ட்ரோல்", "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்வது. தகவல் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய விமானத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் 16 அன்று மும்பையில், சிக்னலைத் தவறாகப் புரிந்துகொண்டதால் விமானம் நகர, தரைப் பணியாளர் ஒருவர் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார்.

சேரும் முன் எதைப் பார்க்கலாம்?

விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2025-ல் பயிற்சிப் பள்ளிகளுக்கு முதல்முறையாகத் தரவரிசை வெளியிட்டது. மேல்நிலையான 'ஏ' பிரிவுகளில் ஒரு பள்ளிகூட வரவில்லை. பல லட்சம் கட்டும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். பிறகு ஒரு காலை நேரில் போய், விமானங்கள் நிற்கும் ஏப்ரனைக் கவனியுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆட்கள் ஏறி இறங்குகிறார்களா? சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறார்களா? பெட்ரோல் நிரப்பும் முன் நிலைமின் ஒயரை மாட்டுகிறார்களா? போன் பேசிக்கொண்டே யாராவது புரொப்பெல்லர் முன்னால் நடக்கிறார்களா? இதற்கெல்லாம் பிரோஷரில் பதில் இருக்காது.