சாயங்கால வேளைச் சம்பாஷணை

காரியாலயம் விட்டு, மோட்டார் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வீடு திரும்பும் சாயங்கால வேளையில், வண்டி ஓட்டுகிறவனுக்குக் கைக்கும் கண்ணுக்கும் ஓய்வில்லை. காது ஒன்றுதான் சும்மா இருக்கிறது. அந்தக் காதை நம்பி அமெரிக்காவில் பிறந்து, அரை நூற்றாண்டைத் தாண்டியும் ஒலித்துவரும் வானொலிச் செய்தி நிகழ்ச்சி 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்'. எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்குமிடத்து என்று அப்பெயருக்குப் பொருள் சொல்லலாம்.

1967-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட பொது ஒலிபரப்புச் சட்டம், ஆரம்பத்தில் தொலைக்காட்சியை மாத்திரம் உத்தேசித்து எழுதப்பட்டது. வானொலி அபிமானிகள் மன்றாடிய பிறகே ரேடியோவுக்கும் அதில் இடம் கிடைத்தது. பந்திக்குப் பிந்தி வந்தவனுக்குக் கிடைத்த அந்தக் கடைசி இலையிலிருந்துதான் 1970-ல் நேஷனல் பப்ளிக் ரேடியோ என்னும் ஸ்தாபனம் உருவாயிற்று. அதன் முதல் நிகழ்ச்சி இயக்குநரான பில் சீமரிங், மேடைக் கம்பீரத்தை விலக்கி, மனிதர் மனிதரோடு பேசும் இயல்பான தொனியையே விரும்பினார்.

1971 மே 3, மாலை 5 மணிக்கு, சுமார் 90 நிலையங்களில் இந்த ஸ்தாபனத்தின் 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்' நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. வீடு திரும்புவோருக்கென்று ஏற்பட்ட நிகழ்ச்சியின் முதல் நாள் செய்தியோ, வியட்நாம் யுத்தத்தை எதிர்த்தவர்கள் வாஷிங்டன் வீதிகளையும் பாலங்களையும் மறித்துப் போக்குவரத்தை நிறுத்த முயன்றதும், 6,000-க்கு மேற்பட்டோர் கைதானதும்! ஒலிநாடா உரிய நேரத்தில் வந்து சேராமையால், அறிவிப்பாளர் ராபர்ட் கான்லி சில நிமிஷங்கள் வாய்க்கு வந்ததைப் பேசிச் சமாளித்தார். அதே நிகழ்ச்சியில், வாலிபர்கள் முடி வளர்க்கத் தொடங்கியதால் தங்கள் பிழைப்பே போயிற்றென்று அயோவா மாகாணத்து ஏம்ஸ் நகர முடிதிருத்துவோர் குறைப்பட்டுக்கொண்டதும் ஒலித்தது. யுத்தத்துக்கும் கத்தரிக்கோலுக்கும் ஒரே சபையில் ஆசனம் அளித்த இந்தத் துணிவே, என் அபிப்பிராயத்தில், நிகழ்ச்சியின் உயிர்நாடி.

1972-ல் சூசன் ஸ்டாம்பர்க் நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பை ஏற்றபோது, பெண்குரலில் செய்திக்குரிய அதிகாரம் ஏது என்று முணுமுணுத்த நிலைய அதிகாரிகளும் உண்டு. அமெரிக்காவில் தேசிய அளவில் தினசரி மாலைச் செய்தி நிகழ்ச்சியை நடத்திய முதல் பெண்மணி அவரே. நன்றி தெரிவிக்கும் பண்டிகை வந்தால், தம் மாமியாரின் கிரான்பெர்ரித் தொக்குக்குப் பக்குவம் சொல்வதையும் அவர் வழக்கமாக்கிக்கொண்டார். மாமியாரின் கைப்பக்குவத்தை மருமகள் தேசமெங்கும் பறைசாற்றிய விந்தை வேறெந்த வானொலியில் நடந்ததோ!

அந்த முதல் நாள் ஒலிப்பதிவு, முடிதிருத்துவோரின் முறையீடு உள்பட, இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.