திப்பு சுல்தான் காலத் துப்பாக்கிகள்: சீரமைப்பும் சான்றழிவும்

முன்னுரை

பழம்பொருள்களாகக் கருதிச் சேர்க்கப்படுவனவற்றுள் துப்பாக்கிக்குத் தனித்ததோர் இயல்பு உண்டு. செல்லாத பழங்காசு ஒன்றைத் துலக்கினால் அது பளபளக்குமேயன்றி மீண்டும் செலாவணிக்கு வாராது. பழந்துப்பாக்கியோ சீரமைக்கப்பட்டால் மீண்டும் சுடும். எனவே அதனை வாங்குவோர், சீரமைப்போர், விற்போர் ஆகிய மூவரும் அதனைக் கலைப்பொருளாகவும் கருவியாகவும் ஒருங்கே கையாள வேண்டியவராகின்றனர். துப்பாக்கியின் மேற்பரப்பு ஓர் ஆவணமுமாகும் என்பது இவ்விரண்டுக்கும் இடையே பெரிதும் மறக்கப்படுகிறது. மைசூர் ஆட்சியாளர் திப்பு சுல்தானின் (ஆட்சி 1782–1799) பட்டறைகளில் உருவாகி, இன்று இலண்டன் ஏலக்கூடங்களில் பெருவிலை பெறும் துப்பாக்கிகளைக் கொண்டு இதனை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கொள்ளையிலிருந்து ஏலத்திற்கு

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவும் அன்றே களத்தில் இறந்தார். அரண்மனைப் பொருள்கள் வெற்றிப் பரிசாகக் கணக்கிடப்பட்டுப் படையினருக்குப் பங்கிடப்பட்டன. பல ஏலத்தில் விற்கப்பட்டன. ஆகவே ஏலம் இத்துப்பாக்கிகளுக்குப் புதிதன்று. மைசூரை விட்டு அவை வெளியேறிய முதல் வழிகளுள் ஒன்றே ஏலம்தான். அதிகாரிகளின் குடும்பங்கள் வழியாக இங்கிலாந்து சென்றவை, தலைமுறைகள் கடந்து சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

2015 ஏப்ரலில் போனம்ஸ் நிறுவனம் இலண்டனில் நடத்திய ஏலத்தில், திப்புவோடு தொடர்புடைய முப்பது உருப்படிகள் ஏறத்தாழ 60 இலட்சம் பவுண்டுக்கு விலைபோயின. அவற்றுள் வெள்ளி வேலைப்பாடு கொண்ட வேட்டைத் துப்பாக்கி ஒன்று மட்டும் 7,22,500 பவுண்டு பெற்றது. 2023இல் மற்றொரு செய்தி வெளியாயிற்று. 1793–94ஆம் ஆண்டில் பறவை வேட்டைக்காகச் செய்யப்பட்டதும், கார்ன்வாலிஸுக்கு வழங்கப்பட்டதாகக் கருதப்படுவதுமான திப்புவின் துப்பாக்கி ஒன்று பிரிட்டனை விட்டு வெளியேறாதவாறு அந்நாட்டு அரசு தற்காலிக ஏற்றுமதித் தடை விதித்தது. அதன் மதிப்பு 20 இலட்சம் பவுண்டு எனக் குறிக்கப்பட்டது. மைசூரில் செய்யப்பட்ட துப்பாக்கி பிரிட்டனின் பண்பாட்டுச் செல்வமாகக் காக்கப்பட்டதிலுள்ள முரண் தனியே ஆராயத்தக்கது.

துப்பாக்கி எனும் எழுத்தாவணம்

மேற்கண்ட விலைகளுக்கு வெள்ளியும் வேலைப்பாடும் மட்டும் காரணமல்ல. திப்புவின் துப்பாக்கிகள் பேசும் துப்பாக்கிகள். குழலிலும் விசைப்பொறியிலும் புலிவரி அணி ஓடுகிறது. 'இறைவனின் சிங்கமே வெல்வது' எனப் பொருள்படும் அரபுத் தொடர் புலிமுக வடிவில் எழுதப்பட்டிருப்பதைத் திப்புவின் பொருள்கள் பலவற்றில் காணலாம். செய்த ஊரும், சிலவற்றில் செய்தவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். மேற்கூறிய 1793–94ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் அசத்கான் முகமது என்னும் கைவினைஞரின் பெயர் உள்ளது. கைவினைஞரின் பெயர் வரலாற்றில் நிலைபெறுவது அரிது. இங்கு அது இரும்பில் நின்றிருக்கிறது.

ஆண்டுக் குறிப்பு இன்னும் நுட்பமானது. திப்பு தம் ஆட்சியில் மௌலூதி என்னும் புதிய ஆண்டுமுறையைப் புகுத்தினார். அம்முறையில் எண்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. இதனை அறியாது வழக்கமான முறையில் படிப்பவர் ஆண்டைத் தவறாகக் கணிப்பர். கல்வெட்டுப் படிப்பில் ஓர் எழுத்தின் தேய்வு எவ்வாறு ஒரு மன்னனின் காலத்தையே மாற்றக்கூடுமோ, அவ்வாறே இங்கு ஓர் எண்ணின் தேய்வும் துப்பாக்கியின் காலத்தை மாற்றிவிடும். கல்வெட்டை எவரும் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதில்லை; துப்பாக்கியைத் தேய்க்கின்றனர்.

சீரமைப்பு அழிப்பவை

தீக்கல் துப்பாக்கி இயங்கும் முறை எளியது. விசையை இழுத்தால், தீக்கல்லைக் கவ்வியுள்ள குதிரை முன்பாய்ந்து எஃகுத் தகட்டில் மோதும். தெறிக்கும் பொறி, சிறு கிண்ணத்திலுள்ள மருந்தைப் பற்றவைக்கும். அத்தீ பற்றுவாய் என்னும் துளை வழியே குழலின் உள்மருந்தை அடையும். (குதிரை, பற்றுவாய் ஆகியன தமிழில் முன்பே வழங்கிய சொற்கள், துப்பாக்கி என்னும் பெயரோ துருக்கிய மூலம் உடையது.) 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தீக்கல்லுக்கு மாற்றாக, அடித்தால் வெடிக்கும் சிறு செப்புத் தொப்பி வந்தது. அக்காலத்தில் எண்ணற்ற பழைய துப்பாக்கிகள் கிண்ணமும் தகடும் நீக்கப்பட்டுத் தொப்பிமுறைக்கு மாற்றப்பட்டன. இன்றைய சந்தையில் தீக்கல் துப்பாக்கிக்கே விலை மிகுதி. ஆதலால் அவ்வாறு மாற்றப்பட்டவை புதிய உறுப்புகள் பொருத்தப்பட்டு மீண்டும் தீக்கல் முறைக்குத் திருப்பப்படுகின்றன. திருப்பியதை வெளிப்படையாகக் கூறி விற்பது சீரமைப்பு. கூறாது விற்பது மோசடி. இரண்டிலும் கைவேலை ஒன்றே என்பதால், அறிந்து வாங்குவோர் பற்றுவாயைச் சூழ்ந்த அரிப்பையும், உறுப்புகளின் தேய்மானம் ஒன்றுக்கொன்று ஒத்துள்ளதா என்பதையும் முதலில் நோக்குவர். திருகாணிகளின் தலைப்பிளவு சிதைந்திருப்பின், பொருந்தாத கருவியால் எவரோ அதனைத் திறந்துள்ளார் என்பது புலனாகும்.

சீரமைப்பாளர் பெரிதும் தவறுவது துருவில்தான். செந்நிறத்தில் உதிரும் துரு இரும்பைத் தொடர்ந்து தின்னும்; அதனை நிறுத்தியே ஆகவேண்டும். இறுகிப் படிந்த கரும்பழுப்புப் படலமோ காலம் தந்த போர்வை. அது பெரும்பாலும் தீங்கற்றது. இரண்டையும் ஒன்றெனக் கருதி இரும்பு வெளுக்குமளவு தேய்க்கும்போது, ஆழமற்ற முத்திரைகளும் எழுத்துகளின் விளிம்புகளும் வெள்ளிப் பதிப்பின் மெல்லிய கோடுகளும் தேய்மானத்தோடு போய்விடுகின்றன. முறுக்கிய இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து இணைத்த குழல்களில் தெரியும் அலைவரிகளும் இவ்வாறே மறையும். அவற்றை அமிலத்தால் மீண்டும் தோன்றச் செய்யலாம். ஆயின் தோன்றுவது இன்றைய சீரமைப்பாளரின் கைவண்ணமாகவே இருக்கும். அருங்காட்சியகக் காப்பாளர் இதனாலேயே குறைவாகச் செய்வதை நெறியாகக் கொண்டுள்ளனர். தளர்ந்த துருவை நீக்கி, ஈரத்தை வெளியேற்றி, நுண்மெழுகுப் பூச்சிட்டு, காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைப்பதோடு அவர்கள் நின்றுவிடுகின்றனர்.

2019இல் இங்கிலாந்தின் பெர்க்ஷயர் பகுதியில் விற்கப்பட்ட ஒரு துப்பாக்கி இந்நெறியின் பயனை நன்கு காட்டுகிறது. கிழக்கிந்தியக் கும்பெனியைச் சேர்ந்த மேஜர் தாமஸ் ஹார்ட் வழியாக வந்த பொருள்களுள் ஒன்றாக அது ஒரு வீட்டின் பரண்மேல் கிடந்தது. வெள்ளி அணி பூண்ட அத்துப்பாக்கி 60,000 பவுண்டு பெற்றது. அதன் கட்டையின் முன்பகுதியில் இடப்பக்கம் ஒரு சிதைவு இருந்தது. அது குண்டு பட்ட காயம் என்றும், எனவே அத்துப்பாக்கி ஆயுதச்சாலையிலிருந்தன்றிக் களத்திலிருந்தே எடுக்கப்பட்டது என்றும் விற்பனையாளர் கருதினார். அக்கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். வாதிடுவதற்குச் சிதைவு எஞ்சியிருந்தது என்பதே இங்கு முதன்மையானது. இடையில் ஒரு தேர்ந்த தச்சர் அதற்கு ஒட்டுப் போட்டு மெருகேற்றியிருப்பின், அத்துப்பாக்கி அழகுற்றிருக்கும். 1799 பற்றிய ஒரு கேள்வி எழாமலே போயிருக்கும். பரண் செய்த பாதுகாப்பைப் பட்டறை செய்திருக்காது.

பரண்பொருளைக் கையாள்வோர் கருத்தில் கொள்ள வேண்டிய ஆபத்தும் ஒன்றுண்டு. வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழந்துப்பாக்கிகள் பல, சுடப்படாமலே வைக்கப்பட்டுவிட்டன. உலர்ந்த கருமருந்து நூற்றாண்டு கடந்தும் வெடிக்கவல்லது. கசக்கோலைக் குழலுக்குள் மெல்ல விட்டு, அது சென்ற ஆழத்தைக் குழலின் வெளிநீளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். கோல் பற்றுவாய்க்கு முன்பே நின்றுவிடின் உள்ளே ஏதோ இருக்கிறது என்பது பொருள். அதன்பின் அது வல்லுநர் வேலை.

சட்டத்தின் நோக்கு

அமெரிக்கச் சட்டம் பழந்துப்பாக்கியைப் பெரிதும் ஆண்டால் அளக்கிறது. 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவை அங்குத் தொன்மையானவை. பிரிட்டனில் தொன்மையோடு நோக்கமும் எண்ணப்படுகிறது: அரும்பொருளாகவோ அணியாகவோ வைத்திருக்கும்வரை விலக்கு உண்டு; சுட எண்ணினால் உரிமம் வேண்டும்.

இந்தியச் சட்டம் கேட்பது வேறு கேள்வி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45(இ) பிரிவு, வழக்கொழிந்த அமைப்புடையதோ தொன்மை மதிப்புடையதோ பழுதுற்றதோ ஆகிய படைக்கலனுக்கு விலக்களிக்கிறது. ஆயின் அது பழுது நீக்கியோ நீக்காமலோ சுடுகலனாகப் பயன்படுத்த இயலாததாக இருத்தல் வேண்டும். இதன் விளைவு கூர்ந்து நோக்கத்தக்கது. பாட்டனார் காலத்துத் தீக்கல் துப்பாக்கி எவ்வளவு பழமையானதாயினும், பழுது நீக்கினால் சுடும் நிலையிலிருந்தால் அப்பிரிவின் விலக்கு அதற்குக் கிட்டாது. குழலை அடைத்தோ துளைத்தோ செயலிழக்கச் செய்தால் சட்டச் சிக்கல் தீரும், ஆவணம் சிதையும். இன்னொருபுறம், நூறாண்டு கடந்த அப்பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்பிலும் வரும். தனியார் அதனை வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்தல் இயலாது. ஒரு சட்டம் செயலிழந்த பொருளுக்கு இசைவு தருகிறது. மற்றது பழம்பொருளின் காப்பை நாடுகிறது. உரிமையாளர் இரண்டுக்குமிடையே நிற்கிறார். பழந்துப்பாக்கிக்கெனத் தனி உரிம வகையும், செயலிழக்கச் செய்யும் முன் முத்திரைகளையும் எழுத்துகளையும் படமெடுத்துப் பதிவு செய்யும் கடமையும் வகுக்கப்படின் இந்நெருக்கடி பெருமளவு தணியும்.

தஞ்சைப் படைக்கலன்கள்

பதிவின்றி அழிந்தவற்றுக்குத் தமிழகமும் சான்றாகிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடத்திலுள்ள தஞ்சை அரண்மனைக் கலன்கள், 19ஆம் நூற்றாண்டில் அவ்வரண்மனை ஆயுதச்சாலை கலைக்கப்பட்டபோது தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டவை. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயிற்று. அருங்காட்சியகம் சேர்ந்தவை அன்றைய தெரிவாளர் கண்ணுக்கு அழகாகவும் அரிதாகவும் தோன்றியவை. எளிய படைவீரன் ஏந்திய துப்பாக்கியின் கட்டையில் என்ன குறி இருந்தது, எந்தப் பட்டறை அதனைச் செய்தது, அதன் பெயர் எம்மொழியில் எழுதப்பட்டிருந்தது என்பனவற்றை அக்கூடத்தில் தேட இயலாது. அவை உலையில் உருகிவிட்டன.