804 பேர் ஜெயிலில் 2,500 பேர்! ஆறடி இடைவெளிக்கு எங்கே போவது?

கொரோனா காலத்தில் ஊரெல்லாம் கேட்ட பேச்சு ஒன்றுதான். ஆறடி தள்ளி நில்லுங்கள்! கடை வாசலில் வட்டம் போட்டார்கள். பஸ் நின்றது. ரயில் நின்றது. ஜெயிலுக்குள் இருந்தவர்கள் மட்டும் எங்கே தள்ளி நிற்பார்கள்?

மும்பை ஆர்தர் ரோடு ஜெயிலில் இடம் 804 பேருக்குத்தான். 2020-ல் நோய் பரவியபோது அடைபட்டுக் கிடந்தவர்கள் 2,500 பேருக்கும் மேல். ஒருவர் படுக்கிற இடத்தில் மூன்று பேர்!

மே மாதத் தொடக்கத்தில் ஒரு கைதிக்கு நோய் இருப்பது தெரிந்தது. மற்றவர்களுக்கும் பரிசோதனை நடந்தது. சில நாட்களிலேயே கணக்கு 184 ஆகி விட்டது. அதில் கைதிகள் 158 பேர், ஜெயில் ஊழியர்கள் 26 பேர்.

மதில் தடுக்குமா?

ஜெயில் மதில் கைதியைத் தடுக்கும். கிருமியைத் தடுக்காது. வார்டர் தினமும் வீட்டுக்குப் போய் வருகிறார். புதுக் கைதி வேனில் வந்து இறங்குகிறார். உள்ளே நுழைந்த நோய் ஊழியரோடு வெளியேயும் வரும். ஜெயில் காய்ச்சல் ஜெயிலோடு நிற்காது!

இதைப் புரிந்து, ஊரடங்கு வருவதற்கு முன்பே, 2020 மார்ச் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தானாகவே ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் உயர்மட்டக் குழு அமைக்க வேண்டும்; 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் சிக்கியவர்களை பரோலிலோ, இடைக்கால ஜாமீனிலோ விடுவது பற்றி அந்தக் குழு முடிவு செய்யலாம் என்று கூறியது. மராட்டியத்தில் சுமார் 17 ஆயிரம் பேரை விடுவிக்க மே மாதம் முடிவானது. புதுக் கைதிகளைத் தனியே வைக்க பள்ளிக்கூடங்கள்கூட தற்காலிக ஜெயில் ஆயின.

உள்ளே இருப்பது யார்?

ஜெயில் என்றால் கொலைகாரனும் கொள்ளைக்காரனும்தான் என்று நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 2019 டிசம்பர் 31-ந் தேதி நாடு முழுக்க ஜெயில்களில் இருந்தவர்கள் 4,78,600 பேர். அதில் நூற்றுக்கு 69 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லாதவர்கள்! பத்தில் நாலு பேருக்கு மேல் 30 வயதைத் தாண்டாதவர்கள். பத்தில் ஏழு பேர் பத்தாவதை எட்டாதவர்கள் அல்லது எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

ஜாமீன் உத்தரவு வந்தும், ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களும் உண்டு.

மறுபடி நிரம்பியது!

விட்டார்களே, கூட்டம் குறைந்ததா? குறையவில்லை! 2021 கடைசியில் கைதிகள் எண்ணிக்கை 5,54,034. விசாரணைக் கைதிகள் நூற்றுக்கு 77 பேர். தண்டனைக் கைதிகள் சுமார் 21 ஆயிரம் பேர் குறைந்தார்கள். விசாரணைக் கைதிகளோ சுமார் 97 ஆயிரம் பேர் கூடினார்கள். கோர்ட்டில் வழக்கு நடப்பது தேங்கியது. கைது மட்டும் தேங்கவில்லை.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, எல்கார் பரிஷத் வழக்கில் நவிமும்பை தலோஜா ஜெயிலில் விசாரணைக் கைதியாக இருந்தார். வயது 84. நடுக்கு வாத நோயாளி. ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2021 மே மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே கொரோனாவும் இருப்பது தெரிந்தது. ஜாமீன் மனு நிலுவையில் இருக்க, ஜூலை 5-ந் தேதி இறந்து போனார். வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை.

சட்டத்தில் வழி உண்டு

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஒரு வழி காட்டுகிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், வழக்கில் உள்ள குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்து விட்டால், அவரைப் பிணைப் பத்திரத்தில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி காலம். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், வேறு வழக்குகளும் பாக்கி உள்ளவர்களுக்கும் இது கிடையாது. தகுதி வந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டிய பொறுப்பு ஜெயில் சூப்பிரண்டுடையது.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்தால் அந்தத் தேதியை எண்ணி வையுங்கள். அடுத்த தொற்றுநோய் தேதி சொல்லிக்கொண்டு வராது!