குடலில் விளைவது ஈரலுக்குச் சேரும்

கொச்சிக்குத் தெற்கே காயல் நீர் சூழ்ந்து கிடக்கும் கும்பளங்கியில், மழைக்காலத்தில் பொக்காளி நெல்லைப் பயிரிட்டு, அறுவடையின்போது கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளை வயலிலேயே விட்டுவிடுகிறார்கள். பின்னர் உப்புநீர் புகும் மாதங்களில் அந்தத் தாள் அழுகி, அதில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் பெருக, அவற்றைத் தின்று இறால் கொழுக்கிறது. வயலில் எதை விட்டுவைக்கிறோமோ அதற்குத் தக்கதே அங்கு வளரும் என்பதை அவ்வூர் விவசாயிக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. மனிதக் குடலின் தன்மையும் இத்தகையதே. நம்மால் ஜீரணிக்க முடியாமல் எஞ்சும் நார்ப்பொருளை ஆகாரமாகக் கொண்டு பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் ஜீவிக்கின்றன. அவை ஆக்குவதில் பெரும்பகுதி கல்லீரலைச் சென்றடைகிறது.

குடலின் ரத்தத்தைத் திரட்டிக்கொண்டு வரும் போர்ட்டல் சிரை நேரே ஈரலில்தான் வந்து முடிகிறது. ஈரல் பெறும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இவ்வழியாக வருவதே. குடற்சுவர் செம்மையாக இருக்கும் வரையில் சத்துக்களே பிரதானமாக வந்து சேருகின்றன. அச்சுவர் பழுதுற்றாலோ, பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து பிரியும் நச்சுத் துணுக்குகளும் மிகுதியாகக் கலந்து வந்து, ஈரலில் காவலிருக்கும் குப்ஃபர் செல்களைக் கிளர்த்தி அழற்சியை உண்டாக்குகின்றன. வெறும் கொழுப்புப் படிவோடு பல வருஷங்கள் உபத்திரவமின்றி இருந்துவிடக்கூடிய ஈரல், இந்த அழற்சி நீடித்தால் தழும்பேறி, சிரோசிஸ் என்னும் நிலையை அடையக்கூடும்.

2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர், கிருமியே படாமல் வளர்த்த எலிகளின் வயிற்றில் சாதாரண எலிகளின் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றியபோது, தின்றது குறைந்திருந்தும் 14 நாட்களில் அவற்றின் உடற்கொழுப்பு 60 சதவீதம் பெருகியது. ஈரலிலும் கொழுப்பு ஏறியது. 2019-இல் சீன ஆராய்ச்சியாளர்கள் கண்டது இதனினும் விசித்திரமானது. கொழுப்பீரல் நோயாளிகள் பலருடைய குடலில் கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியாவின் ஒரு வகை சர்க்கரையைச் சாராயமாக மாற்றிக்கொண்டிருந்தது. மதுவைத் தொட்டறியாத ஒருவரின் ஈரல் குடிகாரனுடைய ஈரலைப் போலக் கெடுவது எங்ஙனம் என்ற பழைய வினாவிற்கு, முழு விடை அன்றாயினும், ஒரு பங்கு விடையாவது இதில் இருக்கிறது. ‘குடிக்காமலா ஈரல் கெட்டது?’ என்று சந்தேகத்துக்கு ஆளாகி மனம் நொந்தவர்களுக்காக இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த அறிவை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்த முயற்சிகளில் கொச்சிக்கும் உரிய இடமுண்டு. மதுவினால் ஈரல் கடுமையாக அழற்சியுற்று, ஸ்டீராய்டு மருந்தும் கொடுக்க இயலாத எட்டுப் பேருக்கு, ஆரோக்கியமுள்ளவர்களின் மலத்தைப் பரிசோதித்து, உப்புநீரில் கரைத்து வடிகட்டி, மூக்கின் வழியே சிறுகுடலுக்குச் செலுத்திய குழாய் மூலம் ஏழு நாட்கள் அளித்த பரீட்சை, டெல்லியில் ஷிவ் குமார் சரின் தலைமையிலான ஈரல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. ஓராண்டுக்குப் பின் அவர்களில் 87.5 சதவீதத்தினர் உயிரோடிருந்தனர். முன்னர் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அவ்வாறு தப்பியவர்கள் 33.3 சதவீதமே. 2017-இல் அதனை வெளியிட்டவர்களில் ஒருவரான வைத்தியர் சிரியக் ஆபி பிலிப்ஸ், பின்பு கொச்சியில் 51 நோயாளிகளின் விவரங்களைத் தம் சகாக்களுடன் 2018-இல் வெளியிட்டார். மூன்று மாதங்களின் முடிவில் பிழைத்திருந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றோரில் 38 சதவீதம். ஊட்ட உணவு மட்டும் பெற்றோரில் 29. பெண்டாக்ஸிஃபிலின் என்னும் மருந்து பெற்றோரில் 30. பிறர் குடற்பாக்டீரியாக்களை ஏற்றோரில் 75. அருவருப்பை விலக்கிவிட்டுப் பார்த்தால், மரணத்தின் வாயிலில் நின்ற மனிதர்களுக்கு இது எத்தகைய நம்பிக்கை என்பது விளங்கும்.

ஆயினும் அந்த 75 என்பது பதினாறு பேரில் பன்னிருவர் மட்டுமே. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்த பரீட்சையும் அன்று. சாதாரணக் கொழுப்பீரலுக்கு இச்சிகிச்சை இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கிறது. ‘நல்ல பாக்டீரியா’ என்று விற்கும் பொடிகளுக்கும், ‘ஈரல் டானிக்’ புட்டிகளுக்கும் பணத்தைக் கொட்டுவோர், உடல் எடையில் ஏழு முதல் பத்து சதவீதம் குறைத்தால் கொழுப்போடு அழற்சியும் தணிகிறது என்ற உறுதிப்பட்ட உண்மையை முதலில் கைக்கொள்வது நலம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு கொழுப்பீரல் நோயைத் தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்திருப்பதால், நீரிழிவோ பருமனோ உள்ளவர்கள் அரசு மருத்துவமனையிலேயே இதைப் பற்றி வைத்தியரிடம் கேட்கலாம்.

உணவைப் பற்றி ஒன்று. சிறுகுடலில் ஜீரணமாகாது பெருங்குடல் வரை செல்லும் ஒருவகை மாவுச்சத்தை, நாளொன்றுக்கு 40 கிராம் வீதம் நான்கு மாதங்கள் உண்டவர்களின் ஈரற்கொழுப்பு குறைந்ததாக, 200 பேரைக் கொண்டு சீனாவில் நடத்தி 2023-இல் வெளியிட்ட பரீட்சை தெரிவிக்கிறது. அவர்களுடைய குடல் பாக்டீரியாக்களும் மாறியிருந்தன. ஆறிய சோற்றிலும் வாழைக்காயிலும் பயறுகளிலும் அச்சத்து உண்டு என்பது மெய். ஆனால் அது பரீட்சையில் தந்த அளவுக்கு ஈடாகாதாகையால், பழையசோறே மருந்தென்று எண்ணிக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டால் எடைதான் ஏறும். சோற்றைக் குறைத்து, அவ்விடத்தைப் பயறும் கீரையும் காய்களும் நிரப்புவதே தக்க ஏற்பாடு. மதுவோ எவ்வளவு குறைந்தாலும் ஈரலுக்கு அவ்வளவும் லாபம்.