'என்ப': கூறியவர் யார்?

தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்களிலும் முதல் நூற்பாவை மட்டும் எடுத்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். எழுத்ததிகாரத்தில் 'என்ப'; சொல்லதிகாரத்தில் 'என்மனார்'; பொருளதிகாரத்தில் மீண்டும் 'என்ப'. யாவற்றுக்கும் 'என்று கூறுவர்' என்பதே பொருள். கூறுவோர் யாவர்? பெயர் இல்லை. 'என்மனார் புலவர்' என விரித்துக் கூறும் இடங்களிலும் புலவர் என்ற அளவேயன்றி இன்னார் என்னும் சுட்டு இல்லை.

பிறர் கருத்தைப் பெயர் மறைத்து எடுத்துக்கொண்டார் தொல்காப்பியர் என இதனால் குறை கூறுதல் பொருந்துமா? பொருந்தாது. பிறர் பொருளைத் தமதாகக் காட்ட விரும்புவோர் 'என்ப' என்று எழுதார். அவர் முந்து நூல்களைக் கண்டே தம் நூலைச் செய்தார் எனப் பாயிரமும் கூறுகின்றது. பின்வந்த நன்னூலோ முன்னோரின் பொருளை மட்டுமன்றி அவர்தம் சொற்களையும் போற்றி எடுத்தாளலாம் என வெளிப்படையாகவே விதிக்கின்றது. மரபு பொதுச்சொத்தாக எண்ணப்பட்ட காலம் அது. எனினும், 'என்ப' வந்த இடந்தோறும் மறைந்துபோன நூலொன்றைக் கற்பித்துக்கொள்வது மிகை. செய்யுளின் சீர் நிரம்பவும் அச்சொல் உதவும் அன்றோ?

வகுப்பறையில் இடர் தருவது இச்சொல்லின் இலக்கணமே. 'என்ப' என்பதன் பகர இறுதி, பலர்பால் வினைமுற்று விகுதி. ஆனால் எண்ணையும் எழுத்தையும் கண்ணாகக் கூறும் 392ஆம் குறளில் இச்சொல் மும்முறை வருகின்றது. முன்னைய இரண்டும் 'என்று சொல்லப்படுவன' எனப் பொருள்படும் அஃறிணைப் பன்மைப் பெயர்கள். இறுதியில் நிற்பதே 'என்று கூறுவர்' என்னும் வினை. பரிமேலழகர் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியுள்ளார். இனி, மழலையின் இனிமையைப் பேசும் 66ஆம் குறளில் 'என்ப' என்பதற்கு எழுவாய் வெளிப்படையாகவே உண்டு. அவர்கள் அறிஞருமல்லர், தம் மக்களின் மழலையைக் கேளாதவர்கள்! ஆகவே 'என்ப' என்றவுடன் 'சான்றோர் கூறுவர்' என மாணவர் எழுதிவிடாதபடி ஆசிரியர் காத்தல் வேண்டும்.

உரைகளில் வரும் 'என்பாரும் உளர்' என்பது வேறு வகை. அங்கே பெயர் கூறாமை பெரும்பாலும் உடன்படாமையின் அடையாளம். உடன்படாத இடத்தும் மதிப்புக் குறையாமல் சுட்டும் வழக்கும் உண்டு. சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும்போது அவருடைய இயற்பெயரைக் கூறுவதில்லை; 'உரையாசிரியர்' என்றே குறிக்கின்றார். அக்குறிப்பு இளம்பூரணருக்குச் சிறப்புப் பெயராகவே நிலைத்துவிட்டது.